பாலத்தில் மணி நாலு பத்து

14 ஜூன் 1995

அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அலுவலக வேலை. தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் படாரென்று வைத்துவிடுவோம் என்று அம்மாவே சொல்கிறாள்.

அணுகுண்டு விழுந்து ஐம்பது வருஷம் ஆவதையொட்டி ஒரு மணி நேர ஆவணப்படம் செய்கிறோம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாலை ஒளிபரப்பு. படத்தொகுப்பும் ஒலியும் நான். நீ வேலை பார்க்கும் படக் காப்பகத்திலிருந்து வந்த ஒரு படச்சுருளைப் பயன்படுத்துகிறோம். குண்டு விழுவதற்கு முந்தைய நாட்களில் அந்த நகரத்தின் எல்லையிலிருந்த பாலம் ஒன்றில் மக்கள் நடந்து போகும் காட்சி. நாலு துண்டு, மொத்தம் ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. கூடவே வந்த விவர அட்டையின் நகலில் இப்படி இருக்கிறது: "பாலம். மூட்டைகளுடன் நகரை விட்டு வெளியேறும் பொதுமக்கள். ஆகஸ்ட் முதல் வாரம். மாலை 4.10." கையெழுத்து உன்னுடையது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அட்டை என்றாலும் எனக்குத் தெரியாதா?

சுருளைப் பரிசோதித்தவரே கையெழுத்துப் போட்ட மூலச் சான்று வேண்டும் என்று ஒளிபரப்பு நிலையம் கேட்கிறது. படிவம் இணைத்திருக்கிறேன். கீழே ஒரே ஒரு கையெழுத்து.

போன தடவை மாதிரி பத்திரிகைக்கு எழுதிவிடாதே. என் படத்தில் நகரத்தின் மேல் எழுந்ததாகக் காட்டிய மேகம், மறு வருஷம் கடலில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் மேகம் என்று நீ எழுதினாய். எழுதினது சரிதான். அன்றிலிருந்து எனக்கு ஆபீசில் பெயர் 'மேகம்'. வாசல் காவலாளிகூட, "வாங்க மேகம் சார், இன்னிக்கு மழை உண்டா?" என்கிறார். மூன்று வருஷமாக அதே நகைச்சுவை. மனுஷனுக்குச் சலிக்கவே இல்லை.

தம்பி


22 ஜூன் 1995

தம்பிக்கு,

படிவம் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் சான்று தரவேண்டியது சுருளுக்கு மட்டும். ஆனால் உங்கள் படிவத்தின் மூன்றாவது வரியில் "படத்தில் இக்காட்சி பயன்படுத்தப்படும் விதத்திற்கும்" என்று இருக்கிறது. அந்த விதம் என்ன என்று நீ எழுதவில்லை. மூடிய பானைக்கு உப்பு சரியா என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தக் காட்சியின் மேல் என்ன பேசப்போகிறார்கள் என்பதை வரிக்கு வரி அனுப்பு.

மேகத்தைப் பற்றி. பத்திரிகைக்கு எழுதுமுன் உன்னிடம் சொல்லியிருக்கணும் என்று அம்மா அப்போதே சொன்னாள். "சொல்லியிருந்தா அவன் திருத்தியிருப்பானாம்மா?" என்று கேட்டேன். "திருத்தியிருக்க மாட்டான். அது வேற விஷயம்" என்றாள். அவள் சொன்னதில் உள்ள நியாயம் எனக்கு இப்போதுதான் புரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 31-இல் ஓய்வு பெறுகிறேன். முப்பது வருஷத்தில் என் அட்டை எதையும் யாரும் திருத்தியதில்லை. அதை நான் பெருமையாகச் சொல்வதுண்டு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை கேள்வி.

அக்கா


29 ஜூன் 1995

அக்காவுக்கு,

நீ கேட்ட வசனம் இதோ, ஒரு எழுத்து மாறாமல்:

"வானிலிருந்து துண்டறிக்கைகள் விழுந்தன. படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். இதோ, குண்டுக்கு முந்தைய நாள் மாலை, மணி நாலு பத்து. மக்கள் வெளியேறுகிறார்கள். போக நினைத்தவர்களுக்கு வழி திறந்தே இருந்தது."

படத்தின் முதுகெலும்பு இதுதான். இதற்கு முன்னால் வருவதெல்லாம் இதை நோக்கி வருகிறது, பின்னால் வருவதெல்லாம் இதில் சாய்ந்து நிற்கிறது. எச்சரித்தார்கள், கேட்டவர்கள் பிழைத்தார்கள், கேட்காதவர்கள் இருந்துவிட்டார்கள். தயாரிப்பாளர் சொல்ல வருவது அவ்வளவுதான்.

நீ உடனே அவரைக் கெட்டவராக்கிவிடாதே. அவருடைய அப்பா அந்தப் போரில் சிப்பாய். அடுத்த மாசம் எதிரி பிடித்து வைத்திருந்த ஒரு கரையில் இறங்கவேண்டிய படையின் பட்டியலில் பெயர் இருந்ததாம். குண்டு விழுந்தது, போர் முடிந்தது, வீட்டுக்கு வந்தார், கல்யாணம் செய்தார். "நான் பொறந்ததே அந்த மேகத்துக்குக் கீழதான்" என்பார் தயாரிப்பாளர். "எங்கப்பா சாகற வரைக்கும் அந்தக் குண்டுக்கு நன்றி சொன்னாரு. அந்த நன்றியை நான் பாவமாக்கணுமா, சொல்லுங்க?"  நீயானால் அவருக்கு என்ன சொல்வாய்?

சுருளில் ஒலி இல்லை. காலடிச் சத்தம் சேர்ப்பது என் வேலை. ஒவ்வொருவர் நடைக்கும் தனித்தனியாகப் போட்டால்தான் கூட்டம் உயிரோடு கேட்கும். ஆகவே ஒவ்வொருவராக எண்ணினேன். நூற்று இருபத்தாறு பேர். நாற்பது தடவைக்கு மேல் பார்த்தாகிவிட்டது. இப்போது சிலரை எனக்கு நடையை வைத்தே தெரியும். இரண்டாவது துண்டில் ஒரு பெண்பிள்ளை, காலணி ஒரு பக்கம் தேய்ந்திருப்பதால் சரசரவென்று இழுத்து நடக்கிறாள். அவளுக்கு மட்டும் கொஞ்சம் மணலைத் தரையில் போட்டுத் தேய்த்தேன். அது பாந்தமாகப் பொருந்தியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலின் சத்தம் என் கைக்கு வந்த மாதிரி.

ஒரு சின்ன சந்தேகம். ஒருத்தர் விடாமல் எல்லோர் சட்டையிலும் வலது மார்பில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கிறது. அது என்ன? வசனத்தில் சேர்க்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்கிறார்.

படிவத்தை அனுப்பு.

தம்பி


8 ஜூலை 1995

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

அந்தத் துணிச் சீட்டில் பெயரும் முகவரியும் இரத்த வகையும் எழுதியிருப்பார்கள். அடிபட்டால் யாரென்று தெரிய வேண்டுமே. அந்த நாட்டில் அப்போது எல்லோரும் அதைத் தைத்துக்கொண்டார்கள். புகைப்படங்களில் நூறு முறை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இடது மார்பில். நீ வலது என்று எழுதியிருந்தாய். ஒருவர் மாற்றித் தைக்கலாம். நூற்று இருபத்தாறு பேர் மாற்றித் தைக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மூடியில் "அசல்" என்று பழைய சீட்டு ஒட்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, சுருளை அசலை ஏற்றுகிற பக்கமாகவே கருவியில் ஏற்றினேன். அது அசல் இல்லை. ஓரத்தில் எண் வரிசை இரண்டு இருக்கிறது. ஒன்று இந்தச் சுருளுடையது. இன்னொன்று இது எதிலிருந்து எடுக்கப்பட்டதோ அதனுடையது, நிழல் மாதிரி மங்கலாக. அசலில் ஒரே ஒரு வரிசைதான் இருக்கும். இது பிரதி. அசலோடு முகத்துக்கு முகம் ஒட்டவைத்து எடுப்பது பிரதி என்பதால் அதைக் கருவியில் எதிர்ப்பக்கமாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகும். முதல் மாசப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிற பாடம். சுருளைப் பார்க்காமல் டப்பாவைப் படித்தேன்.

திருப்பி ஏற்றினேன். துணிச் சீட்டுகள் எல்லாம் இடது மார்புக்கு வந்து உட்கார்ந்தன.

பிறகு பாலத்துத் தலைமாட்டில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன். உனக்கு நினைவிருக்கும். அதில் எண்கள் இல்லை, வெறும் கோடுகள். நாலு பத்து காட்டிய முள்கள் இப்போது ஏழு ஐம்பதைக் காட்டின.

மாலை இல்லை, தம்பி. காலை.

நிழலைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பாய். அன்றைக்கே பார்த்தேன். நிழலின் நீளம் நாலு பத்துக்குச் சரியாகப் பொருந்தியது. ஏனென்றால் ஏழு ஐம்பதுக்கும் அதே நீளம்தான். நடுப்பகலுக்கு இருபுறமும் ஏறத்தாழ ஒரே தூரம். கண்ணாடியில் காலை மாலையாகிவிடுகிறது. துளி பிசகில்லாமல் ஆகிவிடுகிறது. சூரியன்கூட என் பொய்க்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

திசையும் அப்படியே. படம் பிடித்தவர் ஒரு பாலப் பொறியாளர். பாலம் எவ்வளவு கனம் தாங்குகிறது என்று பார்க்க, கையால் சாவி கொடுக்கும் காமிராவோடு கரையில் நின்றவர். அவருடைய நோட்டின் நகல் நம்மிடம் இருக்கிறது. அதிலுள்ள வரைபடத்தின்படி காமிராவிலிருந்து பார்த்தால் நகரம் வலது கைப்பக்கம். நான் அன்று ஏற்றிப் பார்த்ததிலும் உன் படத்திலும் மக்கள் இடது பக்கம் நடக்கிறார்கள். நேராக ஏற்றினால் வலது பக்கம் நடக்கிறார்கள்.

அவர்கள் வெளியேறவில்லை. உள்ளே போகிறார்கள்.

முன் வரிசைகளில் போவது பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தீ பரவாமலிருக்க அந்த நகரத்தில் வீடுகளை வரிசையாக இடித்து வெளி உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் காலையில் அந்த வேலைக்கு அழைத்துப்போனார்கள். அவர்கள் தோளில் இருப்பதை நான் மூட்டை என்று எழுதினேன். பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கயிற்றுச் சுருள். தூணில் கட்டி வீட்டை இழுத்துச் சாய்க்கிற கயிறு.

குண்டு விழுந்தது எட்டேகாலுக்கு.

எந்த நாள் என்பது தெரியாது. இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு உடனே "அன்றைக்குத்தான்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நோட்டில் மூன்று நாளுக்குக் கட்டம் போட்டிருக்கிறார். இரண்டு நாளுக்கு எண்கள் இருக்கின்றன. மூன்றாம் நாளின் கட்டம் வெறுமையாக இருக்கிறது. எந்தக் கட்டத்துக்கும் தேதி எழுதவில்லை, ஆகஸ்ட் முதல் வாரம் என்று மட்டும் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரி வந்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன்.

உன் படத்தில் அந்தக் காட்சி வரக்கூடாது. அந்த வசனத்தோடு வரவே கூடாது.

அக்கா


13 ஜூலை 1995

அக்கா,

என்ன விளையாடுகிறாயா? ஒளிபரப்புக்கு இருபத்துமூன்று நாள் இருக்கிறது.

நான் மேகத்தை மாற்றிப் போட்டால் ஊருக்கெல்லாம் தெரியணும், பத்திரிகையில் வரணும். நீ ஒரு நகரத்து ஜனத்தையே பின்னுக்குத் திருப்பிவிட்டால் எனக்கு ஒரு தனிக்கடிதம், அவ்வளவுதானா? இருபத்தாறு வருஷம் அந்த அட்டை டப்பாவில் இருந்திருக்கிறது. எத்தனை பேர் அதை நம்பிப் படமெடுத்தார்களோ! முப்பது வருஷத்தில் திருத்தமே இல்லை என்றாயே. எப்படித் திருத்துவார்கள்? உன்னைப் பார்த்தாலே எல்லோருக்கும் பயம்.

மேலே இருப்பதைக் காலையில் எழுதினேன். கிழித்துப்போட நினைத்தேன். வேண்டாம், நீயும் பார். அதன் பிறகு நடந்ததையும் சொல்கிறேன்.

உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றே ஒரு சட்டகத்தைப் படமாக எடுத்துக்கொண்டேன். கடிகாரமும் அந்தக் காலைத் தேய்க்கும் பெண்ணும் இருக்கிற சட்டகம். ஆபீசில் கைகழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது, ஓரம் உடைந்தது. அதற்கு எதிரே பிடித்தேன். ஏழு ஐம்பது. பிள்ளை வலது பக்கம் நடக்கிறாள். நான் பார்த்துப் பார்த்துப் பழகின அதே முகம், ஆனால் முன்பின் தெரியாத முகம். நம் முகத்தைப் புகைப்படத்தில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்குமே, அப்படி. இத்தனை நாள் நான் அவளுடைய பிம்பத்தோடு பழகியிருக்கிறேன். அவள் இவள்தான்.

அக்கா, அவளுக்கு நான் மணலைத் தேய்த்துக் காலடி போட்டேனே. வெளியே போகிறாள், பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அதே அடிகள். ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை. எந்தத் திசையில் நடந்தாலும் காலடி ஒரே மாதிரிதான் கேட்கிறது. இதை இருபத்தைந்து வருஷம் ஒலி வேலை பார்த்தவன் சொல்கிறேன், எனக்கு இது இப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கைகழுவ வந்தவர், "மேகம் சார், முகம் பார்த்தது போதும், தள்ளுங்க" என்றார்.

தயாரிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"திருப்பி ஓடுதுன்னா திருப்பிப் போட்டுக்கோ. பாலம் பாலம்தானே?"

"சார், திருப்பிப் போட்டா அவங்க உள்ள போறாங்க. உங்க வசனம் வெளிய போறாங்கன்னு சொல்லுது."

"அப்ப திருப்பாதே."

"அது பொய்யில்லையா சார்?"

"நேத்து வரைக்கும் உனக்கும் எனக்கும் அது உண்மை. அம்பது வருஷம் கழிச்சு யாருய்யா சட்டையில சீட்டு எந்தப் பக்கம்னு பார்க்கப் போறாங்க?"

"எங்கக்கா பார்த்துட்டா."

மேசையிலிருந்த படிவத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார், "உங்க அக்கா கையெழுத்து இல்லாம நிலையம் வாங்குமா?" நான், "தெரியாது சார்" என்றேன். தெரியும். வாங்காது. ஆனால் அந்த அட்டை திருத்தப்படாமல் இருக்கும் வரை, அதை நம்பி உனக்குப் பதிலாக வேறு யாராவது உங்கள் காப்பகத்தில் கையெழுத்துப் போடலாம். உன் மேலதிகாரி போடலாம். தயாரிப்பாளர் அவருக்குப் போன் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அட்டை உன்னுடையது. இனி உன் பாடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டப்பாவை நம்பினது சரி. "இடது பக்கம் நடக்கிறார்கள்" என்று எழுதியிருந்தால் போதுமே. "நகரை விட்டு வெளியேறும்" என்று ஏன் எழுதினாய்? அது டப்பாவில் இல்லையே.

தம்பி


19 ஜூலை 1995

தம்பிக்கு,

நீ சொன்னபடியே மேலதிகாரிக்குப் போன் வந்திருக்கிறது. என்னை அழைத்து உட்காரவைத்தார். "அம்மா, ஆறு வாரத்துல நீங்க ஓய்வு பெறப்போறீங்க. மாலை போட்டு அனுப்பணும்னு நெனைக்கிறோம். இப்ப போய் உங்க அட்டை தப்புன்னு நீங்களே எழுதணுமா? நீங்க போனப்புறம் நாங்க நிதானமாப் பார்த்துக்கறோம்" என்றார். நல்ல மனிதர். உண்மையாகவே எனக்காகத்தான் சொன்னார். "நிதானமா இருபத்தாறு வருஷம் பார்த்தாச்சு சார்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்குள் நான் அட்டையைத் திருத்திவிட்டேன். பழைய வரியின் மேல் ஒரே கோடு. அடியில் என்ன இருந்தது என்று படிக்கும்படி. பக்கத்தில் தேதி, என் கையெழுத்து. நிலையத்துக்கும் உன் தயாரிப்பாளருக்கும் காப்பகத்தின் கடிதம் போகிறது. இதுவரை அந்தச் சுருளை வாங்கிய பதினோரு பேருக்கும் போகிறது. பத்திரிகைக்கு எழுதவில்லை. முதலில் உனக்கு எழுதினேன். அம்மாவிடம் சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அந்த வாரம் முழுக்க அந்த நகரத்துச் சுருள்களைத்தான் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்த பிறகு எடுத்தவை. கல்படிக்கட்டில் ஆள் உட்கார்ந்த இடம் மட்டும் கருப்பாகப் பதிந்திருப்பது. சட்டையிலிருந்த கோலம் முதுகுத் தோலில் அச்சாகியிருப்பது. எழுதுவது என் வேலை, எழுதினேன். மிக அருகில் இருந்து பிழைத்தவர்கள் சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஒளி மட்டும் என்று சொன்னதாக ஒரு குறிப்பில் படித்தேன். அவ்வளவு பெரியதற்குச் சத்தமே இல்லையாம். அந்த வரியை அட்டையில் எழுதும்போது பேனா சற்று நின்றது. இந்த மாதிரி ஒன்று உலகத்தில் நடந்திருக்கிறது, அதற்குப் பிறகும் நான் மூன்றாம் மாடியில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதற்கு வரிசை எண் போடுகிறேன் என்பதை நம்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிச் சுருளாக இந்தப் பாலம் வந்தது. முழு உடம்போடு, கை வீசி, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு நடக்கிற மனிதர்கள். திரையில் இடது பக்கம் போனார்கள். வரைபடத்தைப் பார்த்தேன். நகரம் வலது பக்கம்.

அப்பாடா என்றேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன். இவர்களாவது தப்பித்தார்களே. அந்த நிம்மதியோடுதான் "வெளியேறும்" என்று எழுதினேன். நீ அந்தப் பெண்ணின் காலடியில் கேட்டது என் நிம்மதியைத்தான். இருபத்தாறு வருஷம் கழித்து அது உன் கைக்கு வந்திருக்கிறது.

உன் தயாரிப்பாளரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் தன் அப்பா பிழைத்ததை நியாயமாக்க விரும்புகிறார். நான் யாரென்றே தெரியாத பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று விரும்பினேன். விருப்பம் இரண்டு பேருக்கும் உண்டு. அவர் விருப்பத்துக்குச் சாட்சியாக என் விருப்பம் போய் நின்றது. அவரிடம் ஒன்று மட்டும் கேள்: அந்தத் துண்டறிக்கைகளில் எந்தெந்த ஊர்ப் பெயர்கள் இருந்தன என்று யாராவது பார்த்தார்களா? எங்கள் காப்பகத்தில் இருக்கும் நகல்களில் இந்த நகரத்தின் பெயர் இல்லை.

பழைய வரியின் மேல் கோடு போடுமுன் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன். மானம் போகிறதே என்றல்ல. இத்தனை வருஷமாக என் அட்டையில் மட்டும் அவர்கள் வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். நானே அவர்களை நிறுத்தி, திரும்பச் சொல்லி, உள்ளே அனுப்புகிற மாதிரி இருந்தது.

அனுப்பினேன்.

அக்கா


7 ஆகஸ்ட் 1995

அக்கா,

படம் சொன்னபடி ஐந்தாம் தேதி ஒளிபரப்பானது. நீ பார்த்திருப்பாய். பாலம் இல்லை. நிலையம் உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் காட்சியை எடுத்தால்தான் வாங்குவோம் என்றது. தயாரிப்பாளர் எடுத்தார். வசனத்தை விடவில்லை. பாலம் இருந்த இடத்தில் ஒரு வெற்று வானத்தைப் போட்டு, "போக நினைத்தவர்களுக்கு வழி திறந்தே இருந்தது" என்பதை அதன் மேல் வைத்தார். வானம் எந்தப் பக்கம் ஏற்றினாலும் வானம்தானே.

துண்டறிக்கை பற்றி நீ கேட்டதைக் கேட்டேன். "உங்கக்காவுக்கு ஓய்வு எப்ப?" என்றார்.

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது அம்மா, "உம் பேரு எங்கடா?" என்றாள். "வரலைம்மா." "ஏன், அக்கா மறுபடியும் எழுதிட்டாளா?" "ஆமாம்மா. இந்தத் தடவை எனக்கு எழுதினா." அம்மா எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள். பிறகு, "அப்படின்னா சரி" என்றாள்.

அடுத்த வேலை இன்னும் அமையவில்லை. அமையும். காவலாளி புதுப் பெயர் வைத்திருக்கிறார்: 'பாலம் சார்'. பதவி உயர்வு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கூட ஒரு நாடா அனுப்பியிருக்கிறேன். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. நேராக ஏற்றிய பாலம். வசனம் இல்லை, இசை இல்லை. காலடிகள் மட்டும், நூற்று இருபத்தாறு பேருடையவை. கடைசிக் கூட்டம் வலது ஓரத்தில் மறைந்த பிறகு வெறும் பாலமும் கடிகாரமும் நாலு விநாடி நிற்கின்றன. அங்கே சத்தம் எதுவும் போடவில்லை. ஏதாவது போடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். குண்டுச் சத்தம் என்று என்னிடம் ஒன்று இருக்கிறது. கல் குவாரி வெடி மூன்றைச் சேர்த்துப் பத்துப் படங்களில் போட்டது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

காப்பகத்தில் வைத்துக்கொள். வைக்க விதி இல்லையென்றால் நீ வைத்துக்கொள்.

தம்பி


16 ஆகஸ்ட் 1995

தம்பிக்கு,

நாடா வந்தது. பரிசோதனை அறையில் நானும் பக்கத்து மேசைக்காரியும் மேலதிகாரியும் பார்த்தோம். முடிந்த பிறகு யாரும் விளக்கைப் போடவில்லை. சற்றுக் கழித்து மேலதிகாரி, "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார். 

எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: அவர்கள் எவ்வளவு சாதாரணமாக நடக்கிறார்கள்! ஒருவன் முன்னால் போகிறவன் தொப்பியைத் தட்டிவிட்டுத் தெரியாததுபோல் வானத்தைப் பார்க்கிறான். உன் பெண் காலைத் தேய்த்துக்கொண்டு போகிறாள். மணல் கேட்கிறது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. வெளியே வந்து தெருவைப் பார்த்தேன். ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் காலையும் பார்த்தபடி படிக்கட்டிலேயே நின்றேன். ஏதோ பெரிய கோயிலுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

நாடாவைச் சேர்க்க விதி இல்லைதான். மேலதிகாரி விதியைத் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறாராம்.

ஓய்வு நாளன்று மாலை மரியாதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 31-ஆம் தேதி நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவை நடுவில் உட்காரவைத்துக்கொள்வோம். இரண்டாவது நிமிஷத்தில் யாரும் எழுந்து போக முடியாது.

ஒரு திருத்தம். கோபப்படாதே.

நாலாவது துண்டில் கைவண்டிக்குப் பின்னால் ஒரு பெண் வருகிறாள். பதினோராவது விநாடியில் வண்டி கொஞ்சம் விலகும்போது பார். அவள் முதுகில் துணியால் கட்டி ஒரு குழந்தை இருக்கிறது. தலை மட்டும் தெரிகிறது. நீ காலடியை வைத்து எண்ணினாய். அந்தக் குழந்தை நடக்கவில்லை.

அட்டையில் கடைசியாக இப்படி எழுதியிருக்கிறேன்:

"பாலம். ஆகஸ்ட் முதல் வாரம், நாள் தெரியாது. காலை 7.50. நகரை நோக்கி நடப்பவர்கள். நூற்று இருபத்தேழு பேர்."

அக்கா